விறாந்தை வேறு, அலுமாரி அறை வேறு



சிறுபோக அறுவடை முடிந்த கையோடு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என் பழைய மாணவர் ஒருவரின் மனைவி. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தாயின் இடுப்பில் இருந்தபடி புத்தளம் போய்ச் சேர்ந்த பிள்ளை அவர். 2009இல் யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் கணவரோடு வன்னிக்குத் திரும்பினார். இன்று கிளிநொச்சி உருத்திரபுரத்தில் அரிசி, விதைநெல், உரம், பலசரக்கு என்று இருவருமாக ஒரு மொத்த வியாபாரம் நடத்துகிறார்கள். கணவர் லொறியோடு அலைவார். கணக்கு முழுவதும் இந்தச் சகோதரியின் கையில்.

"ஹஸ்ரத், எங்கட கணக்கெல்லாம் பின்னறையில இருக்கிற ஒரு கொம்பியூட்டரிலதான் கிடக்கு. கடைக்காரர், வயல்காரர் எல்லாரும் தங்கட நிலுவையைப் போனிலயே பார்க்கக் கேக்கினம். ஒரு தம்பி வந்து ஒரு பின்னேரத்தில திறந்து விடுறன் எண்டுறார். திறந்து விட்டா ஏதும் பிழை வருமோ?"

அறபு இலக்கணம் கற்பிக்கும் என்னிடம் இதைக் கேட்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டதற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பின்னறைக் கணனியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

கடன் கொப்பி இருக்கிறது. காலபோகத்துக்கு உரம் வாங்கி, அறுவடை வந்ததும் தருகிறேன் என்ற விவசாயியின் பெயர் இருக்கிறது. யுத்தத்தில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எடுத்த அரிசியும் பால்மாவும் நாள்வாரியாக இருக்கின்றன. அவர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், எந்தத் தேதியில் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடி தந்தார்களா என்பதெல்லாம் இருக்கின்றன. வன்னியில் பெண்ணின் கடன் என்பது வெறும் இலக்கம் அல்ல. நுண்கடன் வசூலிப்போர் வீட்டு வாசலில் வந்து நின்று பேசிய பேச்சுகளால் எத்தனை பெண்கள் நொந்து போனார்கள் என்பதை அந்தப் பக்கத்தார் அறிவர். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையானவற்றை ரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில், இன்னார் இன்ன கடையில் இவ்வளவு பாக்கி என்ற பட்டியல் வெளியே போனால் என்ன ஆகும்? அதுவும் இருபது வருடப் பிரிவுக்குப் பின் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தை நம்பி அயலவர்கள் எழுதவிட்ட கணக்கு அது. அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சேர்வர் என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பிறர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்காகத் தகவல்களை வைத்துக் காத்திருக்கும் கணனிதான் சேர்வர். வங்கியின் பெரிய மண்டபத்தில் இருந்தாலும் அதுதான், உருத்திரபுரத்துக் கடையின் பின்னறையில் இருந்தாலும் அதுதான். வாடிக்கையாளர் வெளியிலிருந்து கேட்பதற்கு நாம் ஒரு வழி திறக்கும் வரை அது வீட்டுக்குள் இருக்கும் கொப்பி. திறந்த அன்றிலிருந்து அது தெருவோடு தொடர்புள்ள கொப்பி.

அந்தத் தம்பி சொன்ன வழி இதுதான். பின்னறைக் கணனியின் திரையை அப்படியே வெளியிலிருந்து பார்க்கும்படி ரிமோட் டெஸ்க்டொப் என்ற வாசலைத் திறந்து, எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக ஒரே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவது. வேலை சுலபம், செலவும் இல்லை.

இந்த வாசலால் நான் ஒருமுறை சுடப்பட்டவன். நான் முன்பு கற்பித்த ஒரு கல்லூரியில், ஆசிரியர்கள் பரீட்சைப் புள்ளிகளை வீட்டிலிருந்தே பதியட்டும் என்று அலுவலகக் கணனியை இப்படித்தான் திறந்து விட்டார்கள். அந்த யோசனையை ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். கடவுச்சொல், கல்லூரியின் பெயரும் அந்த வருடமும். ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்து அலுவலகத்துக்குப் போனால் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிக் கிடந்தன. ஒன்றும் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: பணம் அனுப்பினால் திறப்புத் தருவோம். மூன்று வருடத்துப் புள்ளிகள் போயின. மாணவர்களின் வீடுகளிலிருந்து பழைய தேர்ச்சி அறிக்கைகளைத் திருப்பி வாங்கி, ஒவ்வொன்றாக நாங்கள் மீண்டும் எழுதினோம். சில வீடுகளில் அறிக்கை இல்லை, கறையான் தின்றிருந்தது. அன்றிலிருந்துதான் இந்த விடயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

"உருத்திரபுரத்துக் கடையை யார் வந்து தேடப் போகிறார்கள்?" என்று அந்தத் தம்பி கேட்டாராம். யாரும் தேடி வருவதில்லை, சகோதரிகளே. இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் இரவு பகலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிமோட் டெஸ்க்டொப்புக்கு வழக்கமான வாசல் இலக்கம் 3389. அந்த இலக்கத்தில் யார் பதில் தந்தாலும், ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். 2017 மே மாதம் வன்னாகிறை என்ற நாசகார நிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளைப் பூட்டியது. அது வேறொரு வாசல் வழியாக வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளும் அவற்றுள் அடக்கம்.

சரி, நல்ல கடவுச்சொல் வைத்து, நம்பிக்கையான வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் விடை சொல்கிறது.

குளிர்சாதனக்காரரின் திறப்பு

டார்கெட் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கடைத்தொகுதிகளுள் ஒன்று. அதன் குளிர்சாதன வேலைகளைச் செய்த ஒரு சிறிய கொந்தராத்து நிறுவனம் இருந்தது. பில் அனுப்பவும் ஒப்பந்த வேலைகளைப் பதியவும் வசதியாக அந்த நிறுவனத்துக்கு டார்கெட்டின் வலையமைப்புக்குள் வருவதற்கு ஒரு திறப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. கள்வர்கள் டார்கெட்டைத் தட்டவில்லை. அந்தச் சிறிய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அங்கிருந்து திறப்பைத் திருடிக்கொண்டார்கள். பில் அனுப்புகிற அறைக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்து நடந்து நடந்து காசு வாங்கும் இயந்திரங்கள் வரை போய்விட்டார்கள். 2013 நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, பண்டிகை வியாபாரம் உச்சத்தில் இருந்த நாட்களில், சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விபரம் களவு போனது. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கங்களும் போயின. அடுத்த வருடம் மே மாதம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2017இல் 47 மாநிலங்களோடு செய்துகொண்ட சமரசத்துக்கு மட்டும் 1 கோடியே 85 இலட்சம் டொலர் கட்டினார்கள்.

குளிர்சாதனக்காரர் கெட்டவர் அல்லர். அவரிடம் கொடுத்த திறப்பு, அவருக்குத் தேவையான அறையோடு நிற்காமல் வீடு முழுவதும் போனதுதான் வினை.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வந்தவர் விறாந்தையில் உட்காருகிறார். தேநீர் கொடுக்கிறோம், வேண்டிய பொருளை நாமே உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கிறோம். நகையும் உறுதியும் இருக்கும் அலுமாரி அறைக்குள் அவரை அனுப்பி "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதில்லை. சூரத்துந் நூர் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறி நுழையுமாறு 27ஆம் வசனத்தில் கற்பிக்கிறது. அதோடு நிற்கவில்லை. 58ஆம் வசனத்தில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பணியாட்களும் பிள்ளைகளும்கூட சுபஹுக்கு முன், நடுப்பகலில், இஷாவுக்குப் பின் என்ற மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. உள்ளே இருப்பவர் என்பதற்காக எல்லா அறையும் எல்லா நேரமும் அவருக்குத் திறந்ததாகாது. கணனிப் பாதுகாப்பு நிபுணர்கள் இதைப் புதிய கொள்கை என்று மாநாடுகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்றுச் சிரிப்பு வரும்.

இன்னொன்று. ஜாபிர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வாசலைத் தட்டியபோது, யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. "நான்" என்றார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை என்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். "நான்" என்று யாரும் சொல்லலாம். அறுபது பேருக்கு ஒரே கடவுச்சொல் கொடுப்பது, அறுபது பேரும் வாசலில் நின்று "நான்" என்று சொல்வதற்கு ஒப்பானது. நாளை ஏதும் நடந்தால் யார் வந்தார், யாரின் திறப்புத் தொலைந்தது என்று எப்படி அறிவீர்கள்? ஒருவரை மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் அறுபது பேருக்கும் மாற்ற வேண்டி வரும். ஆகவே மாற்றாமலே விட்டுவிடுவீர்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான்: பின்னறைக் கணனியைத் திறக்கவே வேண்டாம். விறாந்தையில் இன்னொன்று வையுங்கள்.

எப்படி? வெளியே, மாத வாடகைக்கு இடம் கொடுக்கும் சேவை ஒன்றில் ஒரு சிறிய சேர்வர் எடுக்கலாம். பின்னறைக் கணனி மணிக்கு ஒருமுறையோ நாளுக்கு ஒருமுறையோ அங்கே ஒரு பிரதியை அனுப்பும். முழுக் கொப்பியின் பிரதி அல்ல. வாடிக்கையாளர் பார்க்க வேண்டிய நிலுவையும், எந்த அரிசி எத்தனை மூடை கையிருப்பில் உள்ளது என்பதும் மட்டும். அடையாள அட்டை இலக்கம் அங்கே போக வேண்டிய தேவை என்ன? போகவில்லையென்றால் களவும் போகாது. முக்கியமானது திசை. பின்னறைக் கணனி வெளியே அனுப்பும். வெளியே இருப்பது உள்ளே வந்து எடுக்காது. உருத்திரபுரத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். இரணைமடுத் தண்ணீர் துருசு வழியாக வாய்க்காலுக்கு வந்து, வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. வயலில் நிற்பவருக்குத் தண்ணீர் கிடைக்கிறது. அவர் கையில் துருசுத் திறப்பு இல்லை.

வாடிக்கையாளர் ஓடர் அனுப்ப விரும்பினால்? கடிதப்பெட்டி போல வைத்துக்கொள்ளலாம். அவர் போட்டுவிட்டுப் போவார், சகோதரி எடுத்து வாசித்துத் தன் கையால் கணக்கில் பதிவார். கொஞ்சம் வேலைதான். ஆனால் கொப்பியில் எழுதும் கை ஒன்றாகவே இருக்கும்.

வி.பி.என். என்றொரு வழியும் உண்டு. வழியில் நிற்பவர் எட்டிப் பார்க்க முடியாத சுரங்கப்பாதை அது. லொறியோடு வவுனியாவில் நிற்கும் கணவர் கணக்கைப் பார்ப்பதற்கும், கணக்காய்வாளர் வருடத்தில் ஒரு வாரம் வந்து போவதற்கும் மிகவும் நல்லது. அறுபது வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. சுரங்கப்பாதை வழியைத்தான் காக்கும், வீட்டைக் காக்காது. வாடிக்கையாளரின் போனில் நாசகார நிரல் இருந்தால் அதுவும் அதே சுரங்கத்தால் பத்திரமாக உள்ளே வந்து சேரும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், சுரங்கத்தின் மறுமுனை ஒரே ஒரு அறையில் முடியும்படி தீச்சுவரில் கட்டளை எழுத வேண்டும். கணக்காய்வாளர் போன மறுநாள் அவரது திறப்பை நிறுத்திவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள்தாம் அதிகம். வேலையை விட்டுப்போன பையனின் கணக்கு எத்தனை கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். கடவுச்சொல்லுக்குப் பின் போனுக்கு வரும் ஆறு இலக்கத்தையும் கேட்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. முதியவர்கள் முணுமுணுப்பார்கள். வங்கி கேட்கும்போது பொறுத்துக்கொள்பவர்கள் உங்கள் கடை கேட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமைக் கள்வர்கள்

இவ்வளவும் சிறு கடைக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு, பெரிய இடத்தில் இல்லாமற் போனதைச் சொல்கிறேன். இந்தக் கதையில் எங்கள் நாடும் வருகிறது.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழன் இரவு. மறுநாள் வெள்ளி, பங்களாதேஷில் விடுமுறை. அந்நாட்டு மத்திய வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் கணனிகளுக்குள் கள்வர்கள் முன்கூட்டியே புகுந்திருந்தார்கள். நியூயோர்க்கில் உள்ள வங்கியின் கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி 35 கட்டளைகள் போயின, ஏறக்குறைய 95 கோடி டொலருக்கு. அவற்றில் ஐந்து நிறைவேறின. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் "பவுண்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கள்வர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஜெர்மன் வங்கி ஒன்று அதைக் கண்டு, இது என்ன என்று விளக்கம் கேட்டது. இலங்கைக்கு வந்த பணம் திரும்பிப் போனது. பிலிப்பைன்ஸுக்குப் போனதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்துவிட்டது.

அந்த மத்திய வங்கியின் முக்கிய கணனிகளுக்கு முன்னால் தீச்சுவர் இருக்கவில்லை என்றும், 10 டொலர் பெறுமதியான பழைய இணைப்புப் பெட்டிகளே வலையமைப்பில் பாவிக்கப்பட்டன என்றும் விசாரித்த பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி ஒருவர் அப்போது கூறினார். அதாவது விறாந்தைக்கும் அலுமாரி அறைக்கும் இடையில் சுவர் இல்லை. மிஞ்சிய பணத்தைக் காப்பாற்றியவற்றுள் ஒன்று, எழுத்துப்பிழையைக் கண்டு நின்ற ஒரு மனிதக் கண். ஆகவே சகோதரிகளே, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று சேர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை வாரத்தில் ஒருநாள் பாருங்கள். எட்டாம் வாய்க்கால் கடைக்காரர் இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் பார்த்ததாக இருந்தால், மறுநாள் அவரிடமே கேட்டுவிடலாம். இந்த வசதி டார்கெட்டுக்குக் கிடையாது. வாடிக்கையாளரை முகம் தெரிந்த கடைக்கு உண்டு.

காப்புப் பிரதி பற்றி ஒரு வார்த்தை. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் இணையச் சேமிப்புத் தொகுதி இதே பூட்டும் நிரலால் தாக்கப்பட்டது. அரச அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதியோடு எந்நேரமும் இணைந்திருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. பாவனையில் இருந்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. பணமில்லாமல் புதுப்பிக்கும் வேலை பிற்போடப்பட்டு வந்திருந்தது. எனவே ஒரு பிரதியாவது எந்தக் கணனியோடும் இணையாமல், கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவும் அதே கட்டடத்தில் வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் வந்ததை மறந்த கிளிநொச்சியார் யாரும் இருக்க முடியாது. அந்தச் சகோதரி இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று கடையில். மற்றது நகரில் உள்ள தாத்தாவின் வீட்டில், நிக்காஹ் பத்திரத்தோடு. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் போகும்போது கணவர் மாற்றிக்கொண்டு வருகிறார்.

சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணனிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பிறரின் சொந்தத் தரவுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களின் கடமைகளைப் பேசுகிறது. முதலாவது சட்டம் கள்வனைப் பற்றியது. இரண்டாவது, கொப்பி வைத்திருக்கும் நம்மைப் பற்றியது.

அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதை விளங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் விறாந்தைச் சேர்வரைத் தயார் செய்துவிட்டார். திறப்பதற்கு முன் ஒரேயொரு பரீட்சை செய்யும்படி சகோதரியிடம் சொல்லியிருந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படியொரு கணக்குப் பக்கம் செய்விக்கப் போகிறீர்கள் என்றால் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் பெயரில் உள்ளே போங்கள். மேலே முகவரிப் பட்டியில் அவரது கணக்கு இலக்கம், உதாரணமாக 27 என்று, தெரிகிறதா? அதை அழித்து 28 என்று எழுதித் தட்டுங்கள். மறுப்பு வர வேண்டும்.

அன்றிரவு அவர் மறுபடி அழைத்தார். 28 திறந்துவிட்டதாம். பத்தாம் வாய்க்கால் பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு தனியே வாழும் ஒரு பெண்ணின் கணக்கு, போன வருடத்து நிலுவை முதற்கொண்டு, வரி வரியாக. சகோதரி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்ல வேளை ஹஸ்ரத், பார்த்தது நான்" என்றார்.

தம்பி திருத்திக்கொண்டிருக்கிறார். இதை நான் எழுதும் இன்று வரை அந்தப் பக்கம் திறக்கப்படவில்லை. நிலுவை கேட்டு வருபவர்களுக்குச் சகோதரி கொப்பியைப் பார்த்து வாயால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.